எது கன்ட்ரி, எது இல்லை? – வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்கத் தென்பகுதிக் கிராமப்புறத்தில் வேர்விட்ட 'கன்ட்ரி' இசையின் பாடகி கேசி மஸ்கிரேவ்ஸின் 'ஸ்டார்-கிராஸ்டு' ஆல்பத்தைப் பற்றி இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாராட்டைவிடச் சண்டையே அதிகம். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை முழு இடத்தையும் அந்த ஒரே விஷயத்துக்குக் கொடுக்கிறேன்.

கேள்வி: 'கோல்டன் ஹவர்' ஆல்பத்தைக் கேட்டு மஸ்கிரேவ்ஸின் ரசிகை ஆனவள் நான். அதே ஆவலோடு 'ஸ்டார்-கிராஸ்டு' கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரே சோர்வு, கன்ட்ரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. என் தோழிகளும் இதையே சொல்கிறார்கள். குறை அவரிடமா, எங்களிடமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: குறை இரண்டு பக்கமும் உண்டு; ஆனால் நீங்கள் கைகாட்டும் இடத்தில் இல்லை.

முதலில் மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் மாநிலத்தில் கோல்டன் என்ற சிற்றூரில் வளர்ந்த மஸ்கிரேவ்ஸ், 2013-இல் வந்த 'சேம் டிரெய்லர் டிஃபரண்ட் பார்க்' ஆல்பத்தின் மூலம் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருதை, அதாவது அமெரிக்க இசைத் துறையின் பெரிய விருதை, பெற்றார். 2017 அக்டோபரில் பாடகர் ரஸ்டன் கெல்லியை மணந்தார். 2018 மார்ச் 30 அன்று, அந்தக் காதலின் வெளிச்சம் முழுவதும் படிந்த 'கோல்டன் ஹவர்' வந்தது. அது 2019 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட நான்கு கிராமி விருதுகளை வென்றது. 2020 ஜூலையில் தம்பதி விவாகரத்துக்கு விண்ணப்பித்தார்கள். 2021 செப்டம்பர் 10 அன்று பதினைந்து பாடல்களோடு 'ஸ்டார்-கிராஸ்டு' வெளியானது. பழைய துன்பியல் நாடகத்தைப் போல அதை மூன்று அங்கங்களாக அவர் வகுத்திருந்தார். அதே நாளில் ஆல்பத்தை ஒட்டிய ஒரு திரைப்படமும் பாரமவுண்ட் பிளஸ் தளத்தில் வந்தது. (பாடல் தலைப்புகள் எல்லாவற்றையும் அவர் சிற்றெழுத்திலேயே அச்சிட்டிருக்கிறார். தமிழில் அச்சுக் கோக்கும் நமக்கு நல்லவேளையாக அந்தத் தொல்லை இல்லை.)

இனி உங்கள் குற்றச்சாட்டு. சோர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடிந்துபோன திருமணத்தைப் பற்றிய ஆல்பம் துள்ளிக் குதிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'கன்ட்ரி இல்லை' என்ற தீர்ப்பை ஏற்பதற்கு முன்னால், உங்களுக்குப் பிடித்த 'கோல்டன் ஹவர்' ஆல்பத்தையே ஒரு முறை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதில் 'ஹை ஹார்ஸ்' பாடல் தாளத்திலும் பளபளப்பிலும் டிஸ்கோ என்ற எழுபதுகளின் நடன இசையேதான். 'ஓ, வாட் எ வேர்ல்ட்' பாடலின் தொடக்கத்தில் வோகோடர் என்ற கருவியால் எந்திரக் குரலாக மாற்றப்பட்ட பாட்டு வருகிறது. அதன் மேல் பேஞ்ஜோ என்ற தந்தி வாத்தியம் வந்து சேர்கிறது. அப்போது நீங்களோ உங்கள் தோழிகளோ இது கன்ட்ரியா என்று கேட்கவில்லை. தயாரித்தவர்களும் அதே இருவர்தாம்: டேனியல் டேஷியன், இயன் ஃபிட்சக். மஸ்கிரேவ்ஸோடு சேர்ந்து இரண்டு ஆல்பங்களையும் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் உருவாக்கியவர்கள் அவர்கள். ஆக, ஒலியில் நேர்ந்த மாற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. மகிழ்ச்சியோடு வந்தபோது கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை, துக்கத்தோடு வந்தபோது வாசலில் நிறுத்தி ஊர் பேர் விசாரிக்கிறோம். கேட்பவர் தரப்பின் குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

பாடகியின் தரப்பிலும் குறை உண்டு. அது சொற்களில் இருக்கிறது. மஸ்கிரேவ்ஸ் பெயர் பெற்றது குரலால் மட்டுமல்ல, எழுத்தாலும்தான். அவருடைய முதல் வெற்றிப் பாடலான 'மெர்ரி கோ ரவுண்ட்' ஒரு சிற்றூர்க் குடும்பத்தைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். அம்மாவுக்கு மேரி கே என்ற அழகுப் பொருள் வியாபாரத்தில் மோகம். அண்ணனுக்கு மேரி ஜேன், அதாவது கஞ்சா. அப்பாவுக்கோ இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் மேரி என்ற பெண். ஒரே பெயரை மூன்று முறை திருப்பிப் போட்டு, ஒரு வீட்டின் பொய்கள் அத்தனையையும் மூன்று வரியில் அம்பலப்படுத்திவிடுகிறார். குரலை உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கன்ட்ரி பாடல் எழுத்தின் மரபு இதுதான்: பேச்சு வழக்கில் உள்ள சாதாரணச் சொல்லை எடுத்து, கேட்பவர் எதிர்பாராத கணத்தில் அதைப் புரட்டிக் காட்டுவது.

'ஸ்டார்-கிராஸ்டு' ஆல்பத்தில் இந்தக் கை சில பாடல்களில் வேலை செய்கிறது, சிலவற்றில் செய்யவில்லை. 'கேமரா ரோல்' பாடலில் வேலை செய்கிறது. பிரிந்தபின் கைப்பேசியில் தேங்கிக் கிடக்கும் படங்களைத் தேதி வாரியாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போவதுதான் பாட்டு. அழித்துவிடவும் மனமில்லை, பார்க்கவும் தாங்கவில்லை. சண்டை போட்ட நாள்களை யாரும் படம் எடுத்து வைப்பதில்லை, ஆகவே கைப்பேசியில் மிஞ்சுவது நல்ல நாள்கள் மட்டும்தான் என்ற கொடுமையை, அலங்காரமே இல்லாத சொற்களில் அவர் சொல்லிவிடுகிறார். பழைய தலைமுறைப் பாடகர்கள் கடிதக் கட்டையும் புகைப்பட ஆல்பத்தையும் வைத்துச் செய்ததை இவர் கைப்பேசியை வைத்துச் செய்கிறார். இதைக் கன்ட்ரி இல்லை என்பவர்களோடு நான் வாதாடத் தயார். அதே ஆல்பத்தில் 'வாட் டஸண்ட் கில் மீ', 'கீப் லுக்கிங் அப்' ஆகிய பாடல்களில் தலைப்பிலேயே தேய்ந்த ஆறுதல் வாசகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எங்கும் கிடைக்கும் அந்த வாசகங்களை அவர் புரட்டவில்லை, அப்படியே பாடிவிட்டுப் போய்விடுகிறார். உங்களுக்குச் சோர்வு தட்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆனால் பாட்டைச் சுற்றிக் கேட்டது சிந்தசைசர் என்பதால், பழியை அதன்மேல் போட்டுவிட்டீர்கள்.

கேள்வி: பாடகியின் விவாகரத்துக் கதை தெரிந்தால்தான் ரசிக்க முடியும் என்றால் அது நல்ல இசையா? சொந்த வாழ்க்கையை விற்பதாகாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தெரியாமலும் கேட்கலாம். கணவர் யார் என்பதே தெரியாமல் 'குட் வைஃப்' பாடலைக் கேட்டவருக்கும் அது புரியும். அதிகாலையில் எழுந்து, நல்ல மனைவியாக இருக்க வலிமை கொடு என்று கடவுளை வேண்டும் ஒரு பெண். வேண்டுதலின் பாதியிலேயே, இந்த வேண்டுதல் தன்னுடையது தானா என்ற ஐயம் குரலில் தட்டுகிறது. இதற்கு வாழ்க்கைக் குறிப்பு எதற்கு?

விவாகரத்தைப் பாடுவது கன்ட்ரி இசைக்குப் புதிதும் அல்ல. 1968-இல் டேமி வைனட் என்ற பாடகி பாடிக் கன்ட்ரி பட்டியலின் முதலிடம் பிடித்த ஒரு பாடலில், விவாகரத்து என்ற சொல்லைத் தாய் முழுதாக உச்சரிக்கவே மாட்டாள். பக்கத்தில் இருக்கும் நான்கு வயது மகனுக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாள். கணவன் எப்படி இருந்தாலும் துணை நில் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்லும் பாடலையும் அதே வைனட் அதே ஆண்டில்தான் வெளியிட்டார். 'குட் வைஃப்' அந்த இரண்டு பாடல்களுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் கருத்து. விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பாடகர்கள் எல்லோரும் எதையோ ஒன்றை விற்கத்தான் செய்கிறார்கள். சரக்கு தரமானதா என்று பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது.

கேள்வி: இந்த ஆல்பம் கன்ட்ரி இல்லை என்று கிராமி அமைப்பே சொல்லிவிட்டதாகப் படித்தேன். அதற்குப் பிறகு வாதத்துக்கு என்ன இடம் இருக்கிறது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சொன்னது உண்மை. சொன்னவர்கள் யார், எப்படிச் சொன்னார்கள் என்பதைப் பார்த்தால் வாதத்துக்கு நிறைய இடம் இருப்பது தெரியும்.

கிராமி விருதுக்கு அனுப்பப்படும் ஆல்பங்கள் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்பதை, அந்தந்த இசைத் துறையைச் சேர்ந்தவர்கள் கொண்ட குழுக்கள் மூடிய அறையில் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்கின்றன. 2021 அக்டோபரில் கன்ட்ரி குழு 'ஸ்டார்-கிராஸ்டு' ஆல்பத்தைச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் பிரிவில் சேர்க்க முடியாது என்று தள்ளி, பாப் பிரிவுக்கு அனுப்பியது. அதே சமயம், அந்த ஆல்பத்தின் 'கேமரா ரோல்' பாடலைச் சிறந்த கன்ட்ரி பாடல், சிறந்த கன்ட்ரி தனிப்பாடகர் ஆகிய இரு பிரிவுகளிலும் அனுமதித்தார்கள். இரண்டிலும் அதற்குப் பரிந்துரையும் கிடைத்தது. பாட்டு கன்ட்ரி, அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் கன்ட்ரி இல்லை! ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பார்த்துத்தான் பிரிவை முடிவு செய்வோம் என்று விதியைக் காட்டுவார்கள், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வேடிக்கை வேடிக்கைதான்.

அப்போது யுனிவர்சல் நிறுவனத்தின் நாஷ்வில் பிரிவுத் தலைவராக இருந்த சிண்டி மேப், விருதுக் குழுமத்துக்குக் காரசாரமான கடிதம் எழுதினார். 'கோல்டன் ஹவர்' ஆல்பத்தில் வேலை செய்த அதே குழு இதிலும் வேலை செய்திருக்கிறது, இதில் கன்ட்ரி வாத்தியங்கள் அதைவிட அதிகமாகவே இருக்கின்றன, அதற்குக் கொடுத்த விருதை இதற்கு ஏன் எட்டாக்கனி ஆக்குகிறீர்கள் என்பது கடிதத்தின் சாரம். நிறுவனத்துக்காரர் தன் சரக்குக்காகப் பேசுகிறார் என்று அதை ஒதுக்கலாம். ஆனால் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. பாப் பிரிவிலும் பரிந்துரை கிடைக்காமல், ஆல்பம் இரண்டு வீட்டிலும் விருந்தாளி ஆகாமல் நின்றது.

ரசிகர்கள் வாங்கிய கணக்கோ வேறு விதமாக இருந்தது. வெளியான வாரத்தில் 'ஸ்டார்-கிராஸ்டு', அமெரிக்க இசைப் பட்டியல்களை வெளியிடும் பில்போர்டு இதழின் பொதுப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கும், கன்ட்ரி ஆல்பங்களின் பட்டியலில் முதலிடத்துக்கும் வந்தது. பில்போர்டின் காதுக்குக் கன்ட்ரியாக ஒலித்தது கிராமி குழுவின் காதுக்கு அப்படி ஒலிக்கவில்லை. அந்தப் பில்போர்டும் இதே வேலையைச் செய்ததுண்டு: 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்டு டவுன் ரோடு' பாடலைப் போதிய கன்ட்ரி கூறுகள் இல்லை என்று கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது பொதுப் பட்டியலில் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்து பதில் சொன்னது. 2016-இல் கறுப்பினப் பாப் பாடகி பியான்சேயின் 'டாடி லெசன்ஸ்' பாடலை ஏற்க மறுத்ததும் கிராமியின் கன்ட்ரி குழுவே. அதே பியான்சே 2025 பிப்ரவரியில் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்துக்காகச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதையும், ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் கையில் வாங்கினார். சில மாதங்கள் கழித்துக் கிராமி அமைப்பு கன்ட்ரி ஆல்பம் பிரிவையே மரபு கன்ட்ரி, சமகாலக் கன்ட்ரி என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. வேலி ஓரத்தில் தகராறு ஓயவில்லை, ஆகவே மனையையே பிரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஆண்டுக்கொரு முறை மாறும் தீர்ப்பை வைத்துக்கொண்டு, வாதம் முடிந்தது என்று நாம் ஏன் எழுந்து போக வேண்டும்?

கேள்வி: எந்திரக் குரல், சிந்தசைசர், புல்லாங்குழல் எல்லாம் கலந்தபின் தூய கன்ட்ரி இசை என்று எதைச் சொல்வது? மரபு என்று ஒன்று வேண்டாமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மரபு வேண்டும். ஆனால் கன்ட்ரியின் மரபே கலப்புதான். கலக்காத ஒரு பொற்காலம் அதன் வரலாற்றில் இருந்ததில்லை.

கன்ட்ரி என்றதும் காதில் வரும் இரண்டு வாத்தியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேஞ்ஜோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி அழுகையை எழுப்பும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராஜர்ஸ், ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் யோடல் குரலை, அதாவது கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் மாறிமாறித் தாவும் பாட்டு முறையைத், தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டவர். 1930-இல் அவர் பதிவு செய்த ஒரு பாடலில் டிரம்பெட் வாசித்திருப்பவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். 1962-இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாடல்களைப் பெரிய வாத்தியக் குழுவோடும் சோல் என்ற கறுப்பின இசைப் பாணியின் ஆத்மார்த்தமான குரலோடும் பாடி இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார். ஊரெல்லாம் அவற்றை வாங்கியது.

எந்திரக் குரலைப் பற்றி ஒரு தகவல். பீட் டிரேக் என்ற நாஷ்வில் ஸ்டீல் கிட்டார் கலைஞர், 1964-லேயே 'ஃபாரெவர்' என்ற பாடலில், கிட்டாரின் ஒலியை ஒரு குழாய் வழியாகத் தன் வாய்க்குள் செலுத்தி, உதட்டை அசைத்து அந்த வாத்தியத்தைப் பேச வைத்தார். பாதி மனிதக் குரல், பாதி உலோகம். முதல் முறை கேட்பவர்களுக்குச் சற்று அச்சமாகக்கூட இருக்கும். கணவனுக்குத் துணை நில் என்று சொல்லும் டேமி வைனட்டின் அந்தப் புகழ்பெற்ற பாடலில் ஸ்டீல் கிட்டார் அழுவதும் இவர் கையிலிருந்துதான். இவரைப் போன்று மரபுக்குள் ஊறிய ஆள் வேறு இல்லை. இந்தப் பீட் டிரேக்குக்கும் ரே சார்ல்ஸுக்கும் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் இடம் அறிவிக்கப்பட்ட ஆண்டு எது தெரியுமா? 2021. மஸ்கிரேவ்ஸின் ஆல்பம் வாசலில் நிறுத்தப்பட்ட அதே ஆண்டு!

புல்லாங்குழலைக் குறிப்பிட்டீர்கள். 'தேர் இஸ் எ லைட்' பாடலில் டிஸ்கோ தாளத்தின் நடுவே புல்லாங்குழல் திடீரென்று கட்டவிழ்ந்து, எழுபதுகளின் ஜாஸ் கச்சேரி போல ஓடுகிறது. ஆல்பத்திலேயே என் காதுக்கு மிகவும் பிடித்த இடம் அது. அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆல்பம் அங்கேதான் முதல்முறையாக மூச்சு விடுகிறது. மரபை மீறுகிறதா என்று அந்த இடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேள்வி: கன்ட்ரி பாடகர்கள் இப்படி இருண்ட ஆல்பம் போட்டு ரசிகர்களைக் குழப்பியதற்கு முன்னுதாரணம் உண்டா? அவற்றின் கதி என்ன ஆயிற்று?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்டு. இரண்டு போதும்.

1975-இல் வில்லி நெல்சன், கொலையும் மனவருத்தமும் கலந்த ஒரு போதகரின் கதையை 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்ற ஆல்பமாக டெக்சஸில் பதிவு செய்தார். ஒரு கிட்டார், பியானோ, கொஞ்சம் ஹார்மோனிக்கா, பெரும்பாலும் அவ்வளவுதான். நாஷ்வில்லின் தந்தி வாத்தியப் பொழிவுக்குப் பழகிய நிறுவனத்தார், இது முன்னோட்டப் பதிவுதானே, மெருகேற்றிய பிரதி எங்கே என்ற பாவனையில் கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தப்படி முடிவு நெல்சன் கையில் இருந்ததால் அப்படியே வெளியானது. அதிலிருந்த ஒரு பழைய பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ரசிகர்கள் குழம்பவில்லை, குழம்பியது அலுவலகம்தான்.

இரண்டாவது, எமிலூ ஹாரிஸ் 1995-இல் தந்த 'ரெக்கிங் பால்'. இருபது ஆண்டுகளாகப் பளிங்குபோல் தெளிந்த குரலில் பாடிவந்தவர், வானொலி தன்னைக் கைவிட்டுவிட்டது என்று உணர்ந்த வேளையில், யூ2 என்ற ராக் குழுவின் தயாரிப்பாளர்களில் ஒருவரான டேனியல் லன்வாவிடம் போனார். அவர் ஹாரிஸின் குரலைப் பனிமூட்டத்துக்குள் வைத்தார்: எதிரொலிக்கும் கிட்டார்கள், எங்கோ தூரத்தில் உருளும் டிரம்ஸ், ராக் பாடகர் நீல் யங்கின் துணைக் குரல், ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ஒரு பாட்டு. கன்ட்ரி வானொலி அதைத் தொடவே இல்லை. கிராமி கிடைத்தது, ஆனால் சமகால ஃபோக், அதாவது நாட்டுப்புறப் பாணி இசைப் பிரிவில்! அன்றும் அவர்கள் வேறு பிரிவில்தான் உட்கார வைத்தார்கள். ஆனால் பின்னால் வந்த பாடகர்கள் பலருக்கு அந்த ஆல்பம் பாடப்புத்தகம் ஆகிவிட்டது. இன்று ஹாரிஸ் பெயரைச் சொன்னால் விமரிசகர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.

'ஸ்டார்-கிராஸ்டு' அந்த உயரத்தை எட்டுமா என்றால், எட்டாது என்றே நினைக்கிறேன். 'ரெக்கிங் பால்' ஆல்பத்தில் வீண் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. மஸ்கிரேவ்ஸின் பதினைந்தில் நான்கைந்தை எடுத்துவிட்டிருந்தால் அவரும் அருகில் வந்திருப்பார்.

கேள்வி: ரேடியோவில் அதிகம் ஒலிக்காத பாடகி எப்படிப் பெரிய நட்சத்திரம் ஆனார்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ரேடியோவை நம்பாமல்தான். அமெரிக்காவில் கன்ட்ரி பாடகரின் பிழைப்பு பல பத்தாண்டுகளாகக் கன்ட்ரி வானொலி நிலையங்களின் கையில் இருந்தது. அங்கே பெண்களுக்கு இடம் குறைவு. 2015-இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், பெண்கள் பாடியதைக் குறைத்துப் போட்டால் நேயர் எண்ணிக்கை கூடும் என்றும், சாலட்டில் ஆண் பாடகர்கள் கீரை, பெண்கள் மேலே போடும் தக்காளி என்றும் வெளிப்படையாகவே பேட்டி கொடுத்தார். பெரிய அமளி எழுந்தது. நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

மஸ்கிரேவ்ஸ் பெண் என்பதோடு வாயும் சும்மா இருக்கவில்லை. பெண்ணைப் பிடித்தால் பெண்ணை முத்தமிடு, ஊர் என்ன சொன்னாலும் உன் வழியில் போ என்ற கருத்துள்ள 'ஃபாலோ யுவர் ஆரோ' பாடலை நிலையங்கள் பலவும் ஒதுக்கின. அதே பாடலுக்கு 2014-இல் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த பாடல் விருதைக் கொடுத்தது. 'கோல்டன் ஹவர்' ஆண்டின் சிறந்த ஆல்பமாகக் கிராமி வாங்கிய பிறகும் வானொலி பெரிதாக மனம் இளகவில்லை. ஸ்ட்ரீமிங் தளங்களும் கச்சேரி மேடையும்தான் அவரைத் தாங்கின. 'ஸ்டார்-கிராஸ்டு' போன்ற ஆல்பத்தைத் துணிந்து போட முடிந்ததற்கும் இது ஒரு காரணம். வானொலியின் கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. அதைத் தட்டுவதற்காகத் தாளத்தைக் கூட்டவோ சோகத்தைக் குறைக்கவோ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

கேள்வி: பிறகு அவர் பழைய பாதைக்குத் திரும்பினாரா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2023-இல் பாடகர் ஸாக் பிரையனோடு சேர்ந்து பாடிய 'ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்' பில்போர்டின் பொதுப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது, இருவருக்குமே அது முதல் முறை. 2024 மார்ச்சில் 'டீப்பர் வெல்' என்ற ஆல்பம், கிட்டாரைப் பெரும்பாலும் முன்னால் வைத்து, நிதானமாக, ஃபோக் இசைப் பக்கம் சாய்ந்து வந்தது. அதில் உள்ள 'தி ஆர்க்கிடெக்ட்' பாடலுக்குச் சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமி கிடைத்தது. தயாரிப்பாளர்கள் இதிலும் டேஷியன், ஃபிட்சக் இருவரும்தான். விலகிப் போன ரசிகர்கள் பலர் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி சற்று அதிகமாகப் பட்டது. அழகான ஆல்பம், ஆனால் 'ஸ்டார்-கிராஸ்டு' தடுக்கி விழுந்த இடங்களில் இருந்த துணிச்சல் இதில் இல்லை.

கேள்வி: ஆங்கிலப் பாடல்கள் பதினான்கு, கடைசியில் ஒரு ஸ்பானியப் பாடல். இது என்ன ஒட்டு? மறுபடி கேட்க முயல்பவர்கள் எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒட்டு அல்ல. அது சிலி நாட்டுப் பாடகி வியலெட்டா பாரா 1966-இல் பதிவு செய்த 'கிராசியாஸ் அ லா விடா'. வாழ்வே, எனக்கு இவ்வளவு கொடுத்தாய் என்று கண்ணுக்கும் காதுக்கும் கால்களுக்கும் சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒவ்வொன்றாக நன்றி சொல்லும் பாட்டு. அதைப் பதிவு செய்த மறு ஆண்டு பிப்ரவரியில் பாரா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகவே அந்த நன்றியை எந்தத் தொனியில் எடுத்துக்கொள்வது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. மஸ்கிரேவ்ஸ் அதைப் பாடும்போது, பழைய இசைத்தட்டுபோல் மங்கித் தொடங்கும் குரல், போகப்போகத் தெளிந்து, கடைசியில் எந்திரத்துக்குள் கரைந்துபோகிறது. இழப்புக்குப் பின் நன்றி சொல்வது நிஜமா, சொல்லிப் பழகிக்கொள்வதா என்ற சந்தேகத்தை அந்த எந்திரக் குரல் அப்படியே விட்டுவைக்கிறது. ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இது ஆல்பத்தின் உச்சம். இன்னொரு பகுதியினருக்கு, ஆங்கிலத்தில் பாடுபவர் தன்னுடையது அல்லாத வலியை இரவல் வாங்கிய இடம். நான் முதல் கட்சி.

எங்கே தொடங்குவது என்பதற்கு: பாடல் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள், மூன்று அங்க நாடகம் சிதறிவிடும். அதற்காகப் பதினைந்தையும் ஒரே மூச்சில் கேட்கவும் வேண்டாம். முதல் நாள் 'குட் வைஃப்', 'கேமரா ரோல்', 'தேர் இஸ் எ லைட்' மூன்றையும் இந்த வரிசையில் கேளுங்கள். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் காதில் ஹெட்ஃபோனோடு. இந்த மூன்றும் பிடிக்காவிட்டால் மீதிப் பன்னிரண்டும் பிடிக்கப்போவதில்லை. தயங்காமல் 'கோல்டன் ஹவர்' ஆல்பத்துக்கே திரும்பிவிடுங்கள்.